எஃகுத் தகட்டுப் போட்டிக்கு ரிவால்வர் தோட்டா: பிரைமரிலிருந்து தொடங்குங்கள்

காட்பாடி காந்தி நகரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வளர்ந்த தம்பி ஒருவர் இப்போது டெக்சாஸில் வேலையில் இருக்கிறார். நான் ஓஹையோவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் லேத் பட்டறைகளில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் என்பதும், அங்கிருந்த காலத்தில் வார இறுதிகளில் ரிவால்வர் போட்டிகளுக்குப் போய்க்கொண்டிருந்தவன் என்பதும் அவருக்குத் தெரியும். அவர் எழுதிக் கேட்டதன் சாரம் இதுதான்: "கிரீன் கார்டு வந்த பிறகு 8 அறைகளும் 6 அங்குலக் குழலும் கொண்ட .357 மேக்னம் ரிவால்வர் ஒன்று வாங்கினேன். எஃகுத் தகடுகளை வேகமாகச் சுடும் ஸ்டீல் சாலஞ்ச் போட்டிகளுக்குப் போகிறேன். அடுத்து, ரிவால்வர்காரர்களுக்கென்றே நடக்கும் ஐகோர் போட்டிக்கும் போக ஆசை. கடைத் தோட்டா விலை கட்டுப்படியாகவில்லை, ஆகவே நானே நிரப்பப் போகிறேன். எவ்வளவு லேசாக முடியுமோ அவ்வளவு லேசாக நிரப்பு என்று கூட்டாளிகள் சொல்கிறார்கள். எந்தக் குண்டு, எந்த மருந்து, எந்தப் பிரைமர்?"

பதிலுக்குப் போகுமுன், இதைப் படிக்கக்கூடிய நம் ஊர்க்காரர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி கடுமையான குற்றம். இங்கே எழுதுவது எதையும் குடியாத்தத்திலோ ஆம்பூரிலோ யாரும் செய்துபார்க்க வேண்டாம். அமெரிக்காவில் சொந்தப் பயன்பாட்டுக்கு நிரப்பிக்கொள்ள மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்பனைக்கு நிரப்புவதானால் உரிமம் வேண்டும். தம்பிக்குக் கிரீன் கார்டு வந்துவிட்டது, கவலையில்லை. ஆனால் தற்காலிக விசாவில் இருக்கும் அறைத் தோழர்களிடம் துப்பாக்கியையோ தோட்டாவையோ விளையாட்டாகக்கூடக் கொடுத்துவைக்க வேண்டாம். சில விதிவிலக்குகளைத் தவிர, அவர்கள் அவற்றை வைத்திருப்பதையே அந்நாட்டுச் சட்டம் தடுக்கிறது. மாட்டினால் வேலை, விசா இரண்டும் போய்விடும்.

இனி விஷயத்துக்கு வருவோம். ஒரு தோட்டா என்பது நான்கு பொருள்: உலோக உறை, அதன் அடியில் சுத்தி அடித்ததும் பற்றும் பிரைமர், உள்ளே மருந்து, நுனியில் பறந்து போகும் குண்டு. தம்பி, நீங்கள் குண்டு, மருந்து, பிரைமர் என்ற வரிசையில் கேட்டிருக்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள். ரிவால்வர் வைத்துக்கொண்டு எஃகுத் தகட்டைச் சுடுகிறவருக்கு அந்த வரிசை தலைகீழ். முதலில் பிரைமர், பிறகு குண்டு, கடைசியில்தான் மருந்து. "எவ்வளவு லேசாக" என்ற கேள்வியும் அதே கடைசி இடத்தில்தான் வரவேண்டும்.

காரணம் துப்பாக்கியின் அமைப்பிலேயே இருக்கிறது. போட்டி ரிவால்வரை ஒவ்வொரு முறையும் டபுள் ஆக்‌ஷனில்தான் சுடுகிறோம். அதாவது விசையை இழுக்கும் ஒரே இழுப்பில் உருளை சுழன்று, சுத்தி பின்னே போய், விடுபட்டு அடிக்கிறது. கடையிலிருந்து வந்த நிலையில் அந்த இழுப்புக்கு ஏறக்குறைய 12 பவுண்டு விசை தேவைப்படும். போட்டியாளர்கள் உள்ளே மெருகேற்றி, சுருள்வில்லை மாற்றி, அதை 6, 7 பவுண்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். உங்களுடையதும் இந்நேரம் அப்படி ஆகியிருக்கும், இல்லாவிட்டால் விரைவில் ஆகும். இழுப்பு லேசானால் சுத்தியின் அடியும் லேசாகிறது; அந்த லேசான அடிக்குப் பற்றிக்கொள்ளாத பிரைமர் இருந்தால், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் "டிக்" என்ற ஓசை மட்டுமே கேட்கும்.

ஆகவே ஃபெடரல் நிறுவனத்தின் 100ஆம் எண் ஸ்மால் பிஸ்டல் பிரைமரை வாங்குங்கள். ரிவால்வர்காரர்கள் எல்லோரும் அதைத் தேடி ஓடுவதற்குக் காரணம், அதன் கிண்ணம் மென்மையாக இருந்து லேசான அடிக்கும் பற்றிக்கொள்வதுதான். சிசிஐ பிரைமர் தரத்தில் குறைந்ததல்ல, ஆனால் கடினமானது; வில்லை இறக்கிய ரிவால்வருக்கு அது ஒத்துவராது. ஃபெடரல் கிடைக்காத மாதங்களில், கிடைத்ததை வாங்கி அதற்கேற்ப வில்லை ஏற்றிக்கொள்ள வேண்டுமே தவிர, வில்லை அப்படியே வைத்துக்கொண்டு அதிர்ஷ்டத்தை நம்பக் கூடாது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வராக இருந்தால், கைப்பிடியின் முன்புறத்தில் அடியில் ஒரு சிறு திருகாணி இருக்கும். சுத்தியை ஓட்டும் பட்டைவில்லை இறுக்குவது அதுதான். அது தானாகவே தளர்வதும் உண்டு, விசை லேசாகட்டும் என்று சிலர் வேண்டுமென்றே தளர்த்துவதும் உண்டு. தோட்டாவைக் குறை சொல்லுமுன் அந்தத் திருகாணியைப் பாருங்கள்.

பிரைமரைத் தேர்ந்தெடுப்பதைவிட அதை உட்கார்த்துவது முக்கியம். பிரைமர் என்பது ஒரு சிறு கிண்ணம்; அதற்குள் பற்றும் கலவை, கலவைக்கு மேலே மூன்று கால் அல்லது இரண்டு கால் கொண்ட ஒரு பட்டடைத் தகடு. அந்தக் கால்கள் உறையின் குழித்தளத்தில் அழுந்தி நிற்கும்படி முழுவதும் உள்ளே தள்ளப்பட்டிருந்தால்தான், சுத்தி அடிக்கும்போது கலவை கிண்ணத்துக்கும் பட்டடைக்கும் நடுவே நசுங்கிப் பற்றும். கொஞ்சம் மேலே நின்றுவிட்டால் முதல் அடி பிரைமரை உள்ளே தள்ளுவதிலேயே தீர்ந்துபோகும். இரண்டாம் அடியில்தான் வெடிக்கும். குடியாத்தம் தீப்பெட்டியில் குச்சியை உரசும்போது பெட்டி கையில் நழுவினால் என்ன ஆகுமோ அதே கதைதான். குச்சியில் குறையில்லை, உரசல் விழவில்லை. "முதலில் டிக், மறுபடி அடித்தால் வெடிக்கிறது" என்று யாராவது சொன்னால், பத்துக்கு ஒன்பது முறை அது உயர்ந்து நிற்கும் பிரைமர்.

சோதனை எளிது. நிரப்பி முடித்த தோட்டாக்களை ஒரு கண்ணாடித் துண்டின்மேல் அடிப்பக்கம் கீழாக ஒவ்வொன்றாக நிறுத்தி, நுனியை விரலால் மெல்லத் தொடுங்கள். பிரைமர் சரியாக இறங்கியிருந்தால் தோட்டா அசையாமல் நிற்கும். உயர்ந்திருந்தால் குடமாடுவது போல் ஆடும். விரல் நுனியால் அடிப்பக்கத்தைத் தடவினால் பிரைமர் ஒரு மயிரிழை உள்வாங்கியிருப்பது தெரிய வேண்டும். ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பங்கு என்பது கணக்கு. உயர்ந்த பிரைமர் இன்னொரு தொல்லையும் தரும். அது உருளைக்குப் பின்னாலுள்ள சுவரில் உரசி, உருளையைச் சுழலவிடாமல் பிடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் விசையை என்னதான் இழுத்தாலும் வராது.

எனக்கே இது நடந்தது. ஒரு போட்டிக்கு முந்தைய இரவு ஃபெடரல் பிரைமர் தீர்ந்துபோய், கடைசி நாற்பது தோட்டாக்களை வேறொரு பெட்டியில் மிச்சமிருந்த கடினமான பிரைமரால் முடித்தேன். அந்த நாற்பதையும் தனியே வைக்காமல் மற்றவற்றோடு கலந்துவிட்டதுதான் என் அறிவீனம். மறுநாள் பெண்டுலம் என்ற ஸ்டேஜில் (ஸ்டேஜ் என்பது தகடுகளின் ஒரு குறிப்பிட்ட அமைப்பு), 18 கஜத்தில் 10 அங்குல, 12 அங்குல வட்டத் தகடுகள் நிற்கும் இடத்தில், மூன்றாவது தகட்டில் ஒரு "டிக்". ரிவால்வரில் ஒரு வசதி உண்டு: மறுபடி இழுத்தால் அடுத்த அறை வந்துவிடும். ஆனால் தாளம் போய்விடுகிறது. கண் தகட்டை விட்டுத் துப்பாக்கிக்கு வந்துவிடுகிறது. அந்த ஓட்டத்தில் அரை நொடி இழந்தேன். அடுத்த ஓட்டத்தில் மறுபடி ஒரு "டிக்" வந்தது. ஸ்டீல் சாலஞ்சில் ஒவ்வொரு ஸ்டேஜிலும் ஐந்து தகடுகளை ஐந்து முறை ஓடிச் சுட்டு, மோசமான ஓட்டத்தைத் தள்ளிவிட்டு மீதி நான்கின் நேரத்தைக் கூட்டுகிறார்கள். ஒரு தவற்றை விதி மன்னிக்கிறது. இரண்டாவது கணக்கில் ஏறிவிடும். எட்டு ஸ்டேஜ்களில் அவுட்டர் லிமிட்ஸ் மட்டும் நான்கு ஓட்டம், மற்றவை ஐந்து. ஆக ஒரு குண்டும் தவறாமல் சுட்டாலே 195 தோட்டாக்கள் தேவை. நூற்றுக்கு ஒன்று பற்றாமல் போகும் தோட்டாவானால் ஒரு போட்டியில் இரண்டு முறை மாட்டிக்கொள்வீர்கள்.

இனி "எவ்வளவு லேசாக" என்பதற்கு வருவோம். தகடு நிற்குமா, விழுமா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்டீல் சாலஞ்சின் தகடுகள் நிலையாக நிற்பவை. குண்டு பட்டால் மணி போல் ஒலிக்கும், வெள்ளைச் சாயத்தில் சாம்பல் நிறத் தடம் விழும், அவ்வளவுதான். அங்கே பவர் ஃபாக்டர் என்ற கணக்கும் கிடையாது. ஐகோரில் அப்படியில்லை, குண்டின் எடையைக் கிரெயின் என்ற சிறு எடை அளவில் எடுத்து, நொடிக்கு எத்தனை அடி வேகம் என்பதால் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் வரும் எண் 120க்குக் குறையக் கூடாது. அங்கே குண்டு பட்டு விழ வேண்டிய இலக்குகளும் வரும். அவற்றைத் தள்ள ஒலி போதாது, உந்தம் வேண்டும். எண்ணை வைத்துப் பாருங்கள்: 105 கிரெயின் குண்டு நொடிக்கு 750 அடியில் போனால் 79கூட வராது. 125 கிரெயின் குண்டு 850 அடியில் போனால் 106தான். 158 கிரெயின் குண்டு 800 அடியில் போனால் 126. ஐகோருக்கு இது போதும், கொஞ்சம் கைமிச்சமும் இருக்கும்.

ஆகவே உங்கள் கூட்டாளிகள் சொல்வது ஸ்டீல் சாலஞ்ச் வரைக்கும் பாதி சரி. மெதுவான குண்டால் நேரம் இழக்கிறோமோ என்ற பயம் தேவையில்லை. டைமர் துப்பாக்கியின் ஓசையைத்தான் பதிவு செய்கிறது, தகட்டின் ஓசையை அல்ல. தொலைவில் குண்டு தாழ்ந்துவிடுமோ என்ற பயமும் வேண்டாம். 15 கஜத்துக்குக் குறி சரிசெய்த துப்பாக்கியில், 750 அடி வேகக் குண்டு 35 கஜத்தில் ஏறக்குறைய ஓர் அங்குலம் தாழும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவுட்டர் லிமிட்ஸில் அந்தத் தூரத்தில் நிற்கும் தகட்டின் உயரம் 24 அங்குலம். உண்மையான இடைஞ்சல் வேறு. மிக லேசான குண்டு தூரத்துத் தகட்டில் பட்டால் "தொப்" என்று ஒரு மங்கிய ஓசைதான் வரும். பக்கத்து வரிசைகளில் வெடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போது, காதடைப்பான் போட்ட நடுவருக்கு அது கேட்காமல் போகலாம். உங்களுக்கும் பட்டதா இல்லையா என்ற சந்தேகம் வந்து, தேவையில்லாமல் இன்னொரு குண்டு சுடுவீர்கள். என் அனுபவத்தில், உதைப்பில் மிச்சமாகும் நேரத்தைவிட இந்தச் சந்தேகத்தில் போகும் நேரம் அதிகம். விழும் தகட்டை மறந்துவிட்டாலும்கூட, 125 கிரெயின் குண்டை 800 முதல் 850 அடி வேகத்தில் அனுப்புவதற்குக் கீழே நான் இறங்கமாட்டேன்.

குண்டு விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் எஃகில் பட்ட குண்டு எங்கே போகிறது என்பதும் இதில் அடக்கம். செம்பு உறையிட்ட குண்டு தகட்டில் சிதறும்போது உறை கூர்மையான சிம்புகளாகக் கிழிந்து பறக்கும். வெறும் ஈயக் குண்டோ பூச்சிட்ட ஈயக் குண்டோ அப்பளம்போல் தட்டையாகித் தூளாகும். தூளும் பெரும்பாலும் தகட்டின் பரப்பை ஒட்டியே பக்கவாட்டில் தெறிக்கும். ஸ்டீல் சாலஞ்சில் சில தகடுகள் 7 கஜத்தை ஒட்டிய தூரத்திலேயே நிற்கின்றன. அந்தத் தூரத்தில் எனக்கு ஈயம்தான் நிம்மதி. தகட்டில் குழி விழுந்திருந்தால் எந்தக் குண்டும் திரும்பி வரும்; குழிவிழுந்த தகட்டைக் கண்டால் சுடாமல் நடுவரிடம் சொல்லுங்கள். பார்க்க நிற்பவர்களுக்கும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும்.

ஈயம் என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். வீட்டில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். குண்டு வார்ப்பது காரீயம், நஞ்சு. இரண்டையும் கலப்பதும் உண்டு: லைமன் 2ஆம் எண் கலவை என்று சொல்லப்படுவதில் நூற்றுக்கு 90 பங்கு காரீயம், 5 பங்கு வெள்ளீயம், 5 பங்கு ஆன்டிமனி, அதன் கடினம் பிரினெல் அளவில் 15. சுத்தக் காரீயம் 5 அளவில் இருக்கும். கடைகளில் "ஹார்டு காஸ்ட்" என்று விற்பதை அதிகக் கடினமே அதிகச் சிறப்பு என்று நினைத்து வாங்குகிறார்கள். லேசான தோட்டாவுக்கு அது நேர்மாறாக வேலை செய்யும். அழுத்தம் குறைவாக இருப்பதால் கடினமான குண்டின் அடிப்பகுதி விரிந்து குழலை அடைக்காது. இடுக்கு வழியே சூடான வாயு முந்திக்கொண்டு ஓடி, குண்டின் ஓரத்தை உருக்கிக் குழலில் ஈயத்தைப் பூசிவிடும். ஐம்பது குண்டு சுட்டதும் குறி சிதறத் தொடங்கினால் குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பாருங்கள். வரிப்பள்ளங்களின் ஓரத்தில் சாம்பல் நிறச் சுருள்கள் ஒட்டியிருக்கும்.

குண்டின் விட்டம் இதைவிட முக்கியம். உங்கள் குழலுக்கு .358 அங்குலக் குண்டு பொதுவாகப் பொருந்தும், ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட உங்கள் துப்பாக்கியையே கேட்பது நல்லது. துப்பாக்கி காலியாக இருப்பதை இரண்டு முறை பார்த்துவிட்டு, உருளையை வெளியே தள்ளி, ஒரு குண்டை மட்டும் (தோட்டாவை அல்ல) ஒவ்வோர் அறையின் முன்வாயிலும் வைத்து ஒரு மரக்குச்சியால் தள்ளிப் பாருங்கள். சற்று அழுத்தித் தள்ளினால் நழுவிப் போக வேண்டும். தானாகவே விழுந்தால் குண்டு சிறியது. சுத்தியலால் தட்டினால்தான் போகும் என்றால் பெரியது. எட்டு அறைகளிலும் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் வேறாக இருந்தால், எட்டில் ஒரு குண்டு ஏன் எப்போதும் விலகிப் போகிறது என்ற புதிருக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும்.

எனவே நான் சொல்வது பூச்சிட்ட ஈயக் குண்டு, வட்ட மூக்கு அல்லது சற்றே தட்டையான மூக்கு, 125 அல்லது 158 கிரெயின். தட்டை முகம் கொண்ட வாட்கட்டர் குண்டு காகித இலக்கில் அழகான ஓட்டை போடும்; எஃகுக்கு அந்த அழகு தேவையில்லை, அறைக்குள் போடும்போது விளிம்பில் முட்டி எரிச்சல் தரும். 125இலிருந்து 158க்கு மாறினால் குறியை மறுபடி சரிசெய்ய வேண்டும் என்பதை மறக்காதீர்கள்: கனமான குண்டு குழலுக்குள் கூடுதல் நேரம் இருப்பதால், உதைப்பில் குழல் உயரும்போது அதுவும் மேலே போய் அடிக்கும். இரண்டு போட்டிகளுக்கும் ஒரே குண்டு வேண்டும் என்றால் 158ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உதைப்பு கையை அறைவது போல் இல்லாமல் தோளைத் தள்ளுவது போல் இருக்கும். வேகமாகச் சுடும்போது எனக்கு அதுதான் பிடிக்கும். இது ரசனை, சட்டமில்லை.

உறைக்கு .38 ஸ்பெஷலே போதும். 1898இல் வந்த அந்த உறையின் நீளம் 1.155 அங்குலம்; 1930களில் அதை நீட்டி .357 மேக்னம் ஆக்கினார்கள், 1.29 அங்குலம். .357 அறைக்குள் .38 போகும், எதிர்மாறாகப் போகாது. குறை ஒன்றுதான்: .38 நிறையச் சுட்டால் அறையின் முன்பகுதியில் கரிவளையம் படியும், பிறகு நீளமான .357 போடும்போது இறங்க மறுக்கும். அவ்வப்போது தூரிகை போட்டால் தீர்ந்தது. 8 அறைக்காரர்கள் பலர் .38 ஷார்ட் கோல்ட் என்ற குட்டை உறைக்குப் போகிறார்கள். எல்லாத் தோட்டாக்களையும் ஒன்றாகப் பிடிக்கும் மூன் கிளிப் என்ற வட்டத் தகட்டில் கோத்துப் போடவும் எடுக்கவும் அது மிகவும் வேகமானது. ஆனால் ஸ்டீல் சாலஞ்சில் ஓர் ஓட்டத்துக்கு ஐந்து தகடு, உங்களிடம் எட்டு அறை; கடிகாரம் ஓடும்போது மறுபடி நிரப்பும் அவசியமே பெரும்பாலும் வராது. ஐகோரில் முழுமூச்சாக இறங்கும் நாள் வந்தால் அதைப் பாருங்கள். அப்போதும், குட்டை உறையில் இடம் குறைவு என்பதால் .38 ஸ்பெஷலுக்கு எழுதிய மருந்து அளவை அதில் போட்டால் அழுத்தம் எகிறிவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பல நிறுவனங்களின் உறைகளைக் கலக்காதீர்கள். விளிம்பின் தடிமன் வேறுபட்டால் மூன் கிளிப் சிலவற்றைத் தளர்வாகவும் சிலவற்றை விறைப்பாகவும் பிடிக்கும். வளைந்த கிளிப்பையும் தயங்காமல் தூக்கிப் போடுங்கள்.

மருந்து. எத்தனை கிரெயின் என்று நான் எழுதமாட்டேன். ஹாட்ஜ்டன், லைமன் போன்றோர் வெளியிடும் அட்டவணையில் உங்கள் குண்டின் எடைக்கும் வகைக்கும் உரிய தொடக்க அளவைப் பாருங்கள். அதற்குக் கீழேயும் போகாதீர்கள், உச்ச அளவுக்கு மேலேயும் போகாதீர்கள். .38 ஸ்பெஷலுக்கு வகுத்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு, .357க்கு 35,000, உங்கள் துப்பாக்கி இரண்டாவதைத் தாங்கும் என்பதற்காக முதல் உறையை அதுவரை கொண்டுபோகக் கூடாது.

வகையைப் பற்றிச் சொல்லலாம். வேகமாக எரியும் மருந்து வேண்டும்: டைட்குரூப், புல்ஸ்ஐ, டபிள்யூ231, கிளேஸ், என்320 போன்றவை. மெதுவாக எரியும் மருந்தை லேசாக நிரப்பினால் முழுவதும் எரியாமல் மஞ்சள் துகள்களாக மிஞ்சும். அந்தத் துகள்களில் நான்கைந்து, காலி உறைகளைத் தள்ளும் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டால் அந்தத் தகடு முழுவதும் பதியாது, உருளை மூடாது. அரிசியில் கல் மாதிரி, ஒன்றே போதும். எனவே உறைகளைத் தள்ளும்போது குழல்வாய் மேலே பார்க்கும்படி பிடித்துத் தள்ளுங்கள். துகளும் உறையோடு கீழே விழுந்துவிடும்.

அளவு எவ்வளவு சிறியது என்பதை நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். என் தாய்மாமன் குடியாத்தம் கடைத்தெருவில் தங்கம் நிறுத்தவர். அவரிடம் குன்றிமணி இருந்தது. ஒரு குன்றிமணி ஏறக்குறைய 2 கிரெயின். நாம் பேசும் மருந்து மொத்தமே இரண்டு குன்றிமணி எடைக்குள் வரக்கூடியது. அதை 1.155 அங்குல உறைக்குள் கொட்டினால் அடியில் ஒரு சிட்டிகை கிடக்கும். மேலே பாதிக்கு மேல் காலி. இதிலிருந்து இரண்டு ஆபத்துகள் வருகின்றன. ஒன்று, தவறி இரண்டு முறை கொட்டினாலும் வழியாது, குண்டு சாதாரணமாக உட்கார்ந்துவிடும், துப்பாக்கி உடையலாம். இன்னொன்று, கொட்டவே மறந்தாலும் வெளியே தெரியாது. வேலூருக்குச் சொல்லும் பழைய கேலி உங்களுக்குத் தெரியும்: சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு. கோயிலுக்கு 1981இல் சாமி வந்துவிட்டார். காலியான இடத்துக்கு மருந்தில்லாத தோட்டாவைச் சேர்த்துக்கொள்ளலாம். பிரைமர் மட்டும் வெடித்து, குண்டைக் குழலுக்குள் ஓர் அங்குலமோ இரண்டு அங்குலமோ தள்ளி நிறுத்திவிடும். அடுத்த குண்டு அதன்மேல் மோதினால் குழல் வீங்கும் அல்லது வெடிக்கும்.

ஒருமுறை பக்கத்து வரிசையில் சுட்டுக்கொண்டிருந்தவர் துப்பாக்கியிலிருந்து "புஸ்" என்று ஒரு சத்தம் வந்தது. அவர் விரல் ஏற்கனவே அடுத்த இழுப்பில் பாதி வந்துவிட்டிருந்தது. நடுவர் கத்தியதும் நிறுத்திவிட்டார். ஐந்து தகட்டை மூன்று நான்கு நொடியில் சுடுகிற வேகத்தில் இப்படி நிறுத்த எல்லோராலும் முடியாது. ஆகவே இந்தத் தவறு மேசையிலேயே பிடிபட வேண்டும். உறைகளை ஐம்பது ஐம்பதாகப் பலகையில் நிறுத்தி, மருந்து போட்டு முடித்ததும், குண்டு வைக்குமுன், ஒரு விளக்கைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வோர் உறைக்குள்ளும் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே உயரம் தெரிய வேண்டும். பருமனான மருந்தாக இருந்தால் வேறுபாடு சட்டென்று கண்ணில் படும். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் டைட்குரூப்பைவிட கிளேஸை விரும்பினேன். செம்பு உறையிட்ட குண்டை மிக லேசான மருந்தில் போடக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்: அதன் உராய்வு அதிகம், குழலிலேயே நின்றுவிடக்கூடும். மேசையில் ஒரு மருந்து டப்பாவுக்கு மேல் இருக்கக் கூடாது. கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள்.

வாய்மடிப்பைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. லேசான தோட்டாவில் குண்டு முன்னால் நழுவும் அபாயம் குறைவு; பூச்சு கிழியாத அளவுக்கு உறையின் வாய் குண்டின் பள்ளத்தில் மென்மையாக மடங்கினால் போதும். சந்தேகம் வந்தால் ஒரு தோட்டாவைப் பிரித்துக் குண்டின் பூச்சைப் பாருங்கள்.

முதலில் முழுப் பெட்டியையும் நிரப்பிவிடாதீர்கள். தொடக்க அளவில் இருபது, அதற்குச் சற்று மேலே இருபது என்று இரண்டே தொகுதி போதும். எல்லாவற்றையும் உங்கள் உருளையிலேயே போட்டு, தடையில்லாமல் இறங்குகிறதா, உருளை உரசாமல் சுழல்கிறதா என்று களத்தில் குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்துப் பாருங்கள். பிறகு குரோனோகிராஃபில் பத்துப் பத்தாகச் சுட்டு வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அட்டவணையில் எழுதியிருக்கும் வேகம் உங்கள் துப்பாக்கியில் வராது. உருளைக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இடைவெளி ஒவ்வொரு ரிவால்வரிலும் ஒரு மாதிரி. வாயு அங்கே கசியும். ஐந்து தோட்டாக்களைச் சுடுமுன் குழலைக் கீழே சாய்த்து மெல்ல மேலே கொண்டுவந்தும், இன்னும் ஐந்தைக் குழலை மேலே தூக்கி மெல்ல இறக்கியும் சுடுங்கள். மருந்து உறைக்குள் முன்னே கிடப்பதற்கும் பின்னே கிடப்பதற்கும் வேகம் எவ்வளவு மாறுகிறது என்று தெரிந்துவிடும். மாற்றம் பெரிதாக இருந்தால் அந்த மருந்து இந்த உறைக்குச் சரியில்லை. எண்கள் சராசரியில் அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். டெக்சாஸ் வெயில் நம் வேலூர்க் கத்திரி வெயிலுக்குத் தம்பிதான். தோட்டாப் பெட்டியைப் பூட்டிய காருக்குள் வைத்துவிட்டு வந்து வேகம் அளக்காதீர்கள்.

மேசையில் வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்க வேண்டும். போட்டி முடிந்து வரும்போதும் அப்படியே. அந்தச் சட்டையை வீட்டுத் துணியோடு போட வேண்டாம்.

அந்த நாற்பது குரோனோகிராஃப் எண்களையும், எந்தத் தோட்டா எந்த அறையில் "டிக்" என்றது என்ற குறிப்பையும் அப்படியே எனக்கு அனுப்புங்கள். சராசரி வேண்டாம், ஒவ்வொன்றும் வேண்டும். ஐகோருக்கு 158உடன் போவதா, 125ஐயே சற்று ஏற்றிப் பார்ப்பதா என்பதை அவற்றைப் பார்த்த பிறகு பேசலாம்.